பின்னால் குந்திய வண்டி

டெக்சஸ் மாநிலம் பிளானோவில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில், பிக்கப் டிரக்கின் மேல் கேம்பரை ஏற்றிய அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய பெட்டி வீடு அது. பழையதாக வாங்கினேன். விற்றவர், "எந்த டிரக்கும் தாங்கும்" என்றார். நம்பிவிட்டேன்.

கேம்பரின் நான்கு கால்களையும் மெல்லச் சுருக்கி, டிரக்கின் பின்தொட்டியில் உட்காரவைத்து, பெருமையோடு மனைவியைக் கூப்பிட்டேன். காபியோடு வந்தவள் பத்தடி தள்ளி நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, வண்டி குந்திருச்சுங்க. மூஞ்சி வானத்தப் பாக்குது. இப்படியே ஓட்டுனா ஸ்டியரிங் நிக்காது."

"அதெல்லாம் ஓடும்மா. கொஞ்சம் வெயிட் ஜாஸ்தி, அவ்ளோதான்."

அவள் டிரைவர் கதவைத் திறந்து, எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தாள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. காபியைத் தரையில் வைத்துவிட்டு வண்டிக்கடியில் குனிந்தாள்.

"ஸ்பிரிங் பத்தாதுங்க. ரெண்டு இரும்புப் பட்டை சேத்தோணும். இந்த டயரும் ஆகாது."

அவள் நாமக்கல்காரி. அவள் அப்பா லாரி டிரைவராக இருந்து, பிறகு சொந்தமாக ஒரு லாரி வாங்கியவர். கல்யாணத்தின்போது என் சென்னை உறவினர்களிடம் 'டிரான்ஸ்போர்ட் பிசினஸ்' என்று சொல்லிவைத்தது நான்தான். அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருடங்களாக நான் அவள் வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மெக்கானிக்கிடம் எங்கே பட்டை சேர்க்க வேண்டும் என்று அவளே காட்டினாள். எந்த கராஜில் வேலை பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார்.

"மை டாட் வாஸ் எ டிரக் டிரைவர்" என்றாள், சத்தமாக. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புது டயர், புதுப் பட்டைகளோடு, ஃப்ரீவே ஓரத்தில் லாரிகளை எடைபோடும் மேடையில் வண்டியை ஏற்றினோம். அப்போதும் பின்பக்கம் கொஞ்சம் கூடுதல். நான் தண்ணீர்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பியிருந்தேன்.

"பாதித் தண்ணிய கீழ ஊத்தீருங்க. போற எடத்துல புடிச்சுக்கலாம்."

அரிசி மூட்டையையும் கருவிப்பெட்டியையும் கேம்பரிலிருந்து டிரக்கின் பின்சீட்டுக்கு மாற்றினோம். இரண்டாவது முறை எடை சரியாக வந்தது. அவள் என்னிடம் சாவிக்குக் கை நீட்டினாள்.

மேற்கு டெக்சஸ் மலைகள்வரை அவள்தான் ஓட்டினாள். குறுக்கே அடித்த காற்றில்கூட வண்டி ஆடவில்லை. பாதி வழியில், "உங்க அப்பா லாரிக்கு ஆயுத பூஜை எப்படிப் பண்ணுவார்?" என்று கேட்டேன். வாழைக்கன்று கட்டிய லாரியில் தெருப்பிள்ளைகளையெல்லாம் ஏற்றி ஊரைச் சுற்றி வந்ததைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

பின்னாளில் எனக்கு முதுகுவலி வந்ததும் கேம்பரை விற்றுவிட்டோம். அந்த மலைகளின் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி ஆட்டி அவள் பேசியது மட்டும் அப்படியே இருக்கிறது.