ஏழாம் நம்பர் மலைக் கொக்கு

என் கண்ணைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வேன். வாய் நீளம் என்று சொல்லுங்கள், அது ஊரறிந்த விஷயம். ஆனால் இருபத்திரண்டு வருடமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவளிடம் கண் சரியில்லை என்று சொல்லக் கூடாது. பட்டையில் கத்தி ஓடும்போது ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், ஒரு நூல் குறைந்தால் பால் வராது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அந்த ஒரு நூலைப் பார்க்கிற கண் என்னுடையது. அந்தக் கண்ணுக்கு ஒரு கொக்கால் சோதனை வந்தது.

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டிய பக்கம். மேலே தேயிலை, கீழே ரப்பர். என் பொறுப்பில் இருப்பது ஏழாம் நம்பர் மலை. மலை என்று பேர்தான், அதன் அடிப்பக்கம் முழுக்க ஓடையும் சேறும். ஓடைக்கு அந்தப் பக்கம் யாரோ விதைக்காமல் விட்டுவிட்ட வயல். நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கிற லயத்திலிருந்து பத்து நிமிட நடை. வெள்ளைக் கொக்கு, மீன்கொத்தி, தமிழரும் சிங்களவரும் ஒன்றாகவே கொரவக்கா என்று கூப்பிடுகிற கம்புள் கோழி, எல்லாம் அங்கே குடித்தனம் நடத்தின. வேலை முடிந்து திரும்பும்போது வரப்பில் நின்று போனில் படம் பிடிப்பேன். படத்தில் கொக்குகள் சிந்திக் கிடக்கிற சோற்றுப் பருக்கை மாதிரித் தெரியும். அதைப் போய் லயத்தில் எல்லோருக்கும் காட்டுவேன். அதனால் எனக்குக் கொக்குக்காரி என்று பேர் விழுந்தது. அதற்கும் நான் கோபப்படவில்லை.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கியதும் ஓடை ஓரத்து மரங்களுக்கிடையே புதிதாக ஒன்று நடமாடியது. கோழி அளவு. செங்கல் நிறம். உச்சந்தலை மட்டும் கறுப்பு, எண்ணெய் வைத்து வாரிவிட்டது போல. வயலுக்கே போகாமல், ரப்பர்ச் சருகுக்குள் ஒவ்வொரு அடியாக வைத்து நடக்கும். கழுத்தை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, திடீரென்று குத்தி ஒரு மண்புழுவை இழுக்கும். தினம் பார்த்தேன். பார்த்தது பார்த்ததோடு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

டிசம்பர் விடுமுறையில் தோட்டத்துப் பங்களாவுக்கு ஆட்கள் வந்தால் சமையலுக்கு உதவியாக என்னைக் கூப்பிடுவார்கள். அந்த முறை கொழும்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள், கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கெமராக்களோடு. சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்த பறவைகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் குறித்துக்கொண்டிருந்தார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு போனேன். வைத்துவிட்டு வரவேண்டியதுதானே? தமிழ் அளவுக்கே சிங்களமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நல்ல சிங்களத்தில் வாயைக் கொடுத்தேன்.

எங்கள் மலையில் இப்படி ஒன்று இருக்கிறது என்று நிறம், அளவு, நடை எல்லாம் சொன்னேன். அவர்களில் மூத்த ஐயா, சிங்களத்தில் மாத்தயா, ஒரு புத்தகத்தை விரித்து நீட்டினார். பக்கம் முழுக்கக் கொக்குகள். ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒன்றின்மேல் விரலை வைத்தேன்.

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, குழந்தையிடம் சிரிப்பது போலத்தான் சிரித்தார். அதுதான் எனக்குச் சுட்டது. அது கடல் தாண்டி வருகிற கொக்கு, அடர்ந்த காட்டுக்குள் ஒளிந்து திரியும், முப்பது வருடம் தேடியும் தானே ஒரு முறையும் பார்த்ததில்லை, ரப்பருக்குள் எங்கே வரப்போகிறது என்றார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "ஏக்க கண கொகெக் வென்ன எத்தி, அக்கே," என்றார். அது ஒரு கண கொக்காவாக இருக்கும், அக்கா. கண கொக்கா என்பது வயலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கிற மண்ணிறக் கொக்கு. எங்கள் லயத்தில் நடை பழகாத பிள்ளைக்கும் அதைத் தெரியும்.

வராந்தா ஓரத்தில் ஏதோ கடுதாசியோடு நின்ற, எங்கள் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை, அதைக் கேட்டுச் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை பெரட்டில், அத்தனை ஆட்களும் வேலை பிரிக்கக் கூடி நிற்கிற இடத்தில், என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்னக்கா, கண கொக்காவையே தெரியலனா பட்டை எப்புடி தெரியுது? வயசும் நாப்பத்தாறு ஆச்சி. ஜனவரி முடிய வெட்டு ஆளுங்கள மாத்தப் போறோம். நீங்க புல்லு வெட்டுற பக்கம் போயிருங்க. கண்ணுக்கும் நல்லது."

ஏழாம் நம்பர் மலையில் எனக்கு முன்னூறு மரம். எது காலையில் தாராளமாகப் பால் விடும், எது முறைத்துக்கொண்டு நிற்கும் என்று ஒவ்வொன்றின் குணமும் எனக்குத் தெரியும். அவற்றை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு நான் புல் வெட்டப் போவதா?

வீட்டுக்கு வந்து பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினேன். ரப்பர் பெக்டரியில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் நிதானமானவர். சத்தம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்னா செய்யப் போற?"

"கொக்கப் போட்டோ எடுத்து அந்தக் கணக்கப்பிள்ளை மூஞ்சிக்கு முன்னால நீட்டப் போறேங்க."

"கொக்கு ஒத்துக்கணுமே," என்றார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போட்டோ என்றால் குளிக்க வேண்டும், பவுடர் பூச வேண்டும், இருப்பதில் நல்லதை உடுத்த வேண்டும். படத்தில் வரப்போவது கொக்கு, நான் இல்லை என்பது தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. ஆனாலும் கை தானாகப் பவுடர் டப்பாவுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும், அதே சேலையோடு, போனைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஓடைக்கரையில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். கொரவக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒரு மீன்கொத்தி என் தலைக்கு மேலேயே உட்கார்ந்து மீனை அடித்துத் தின்றது. அட்டைகள் கூட்டமாக வந்தன. செங்கல் நிறக் கொக்கு மட்டும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு, பச்சை நிறப் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்தேன். விறகுக்கு வந்த பக்கத்து லயத்துப் பெண் என்னைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் வயலில் இருந்த வெள்ளைக் கொக்குகள்கூடப் பறந்துவிட்டன. அதற்கடுத்த ஞாயிறும் ஒன்றுமில்லை. ஜனவரியில் பாதி போய்விட்டது. வேலை நாளில் அரையிருட்டில் ஓடைப் பக்கம் தெரிவதும் அந்தக் கொக்குதானா என்று என் கண்ணை நானே சந்தேகிக்க ஆரம்பித்தேன். இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை. பழைய சட்டை, பால் காய்ந்து விறைத்துப்போன பாவாடை, கையில் கத்தி, இடுப்புப் பக்கம் வாளி. ஒரு மரத்தில் வெட்டி, பால் வடிகிற சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினால், பத்தடி தள்ளி நிற்கிறது கொக்கு!

நான் அசையாமல் நின்று அதைப் பார்த்தேன். உடனே அதுவும் கழுத்தை மேலே நீட்டி, நட்டு வைத்த கட்டை போல நின்றுவிட்டது. எனக்கு அடுத்த மரம் காத்திருந்தது. நடந்தேன். குனிந்து வெட்டினேன். ஓரக்கண்ணால் பார்த்தால், அது கழுத்தை இறக்கி, என் கால் கிளறிவிட்ட சருகில் தவளை தேடிக்கொண்டிருந்தது. அடுத்த மரத்துக்குப் போனேன். அதுவும் பின்னாலேயே வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளாக அது என்னோடு வேலை செய்திருக்கிறது. நான் சருகை மிதித்துப் போவேன், அது பின்னால் வந்து சாப்பிடும். கத்திச் சத்தமும் வாளிச் சத்தமும் பால் வாடையும்தான் அதற்குப் பழக்கம். பவுடர் பூசிக்கொண்டு, வேலையே செய்யாமல் உட்கார்ந்து முறைக்கிற ஒரு பொம்பளையை அது தன் வாழ்நாளில் கண்டதில்லை. ஓடிப் போகாமல் என்ன செய்யும்! நான் அந்த மரத்தடியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

அன்றைக்கு இரவே திட்டம் போட்டேன். வழக்கமாக ஓடைப் பக்கத்தில் தொடங்கி மேலே ஏறுவேன். அந்த நேரத்து அரையிருட்டில் போனில் படம் விழாது. ஆகவே மறுநாள் மேலே தொடங்கிக் கீழே இறங்கினேன். ஓடைக்கு வரும்போது வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. கொக்கு எனக்காகக் காத்திருந்தது என்றுதான் சொல்வேன். மூன்று மரம் வேலையைப் பார்த்தேன். நாலாவது மரத்தில் வெட்டிவிட்டு, நிமிராமலே சட்டைக்குள்ளிருந்து போனை எடுத்து நீட்டினேன். ஐந்தடி தூரத்தில், சுத்தமாக, மஞ்சள் கண்ணோடு முழுக் கொக்கும் திரையில் நின்றது.

விரலால் அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் அமுக்கினேன். என் விரல் முழுக்க ரப்பர் பால் காய்ந்து தோலாக ஒட்டியிருந்தது. போன் அதை விரலாகவே மதிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சோறு போட்ட பால், அன்றைக்குப் பார்த்துக் காலை வாரிவிட்டது. பாவாடையில் துடைக்கப் போனால் கொக்கு பார்த்துவிடும். என் உடம்பில் பால் படாத இடம் எது என்று யோசித்தேன். மெதுவாகக் குனிந்து, மூக்கால் அமுக்கினேன்.

டக் என்றது. கத்தி சிரட்டையில் படுகிற சத்தமும் அப்படித்தான் இருக்கும் என்பதால் கொக்கு கண்டுகொள்ளவே இல்லை. மறுபடியும் மூக்கு, மறுபடியும் டக். பதினோரு படம் எடுத்தேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் என் கலியாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லியும் இருக்கிறேன்.

பால் நிறுக்கிற மடுவத்தில் வாளியை வைத்ததும், கணக்கப்பிள்ளை முன்னால் போனை நீட்டினேன். "பாருங்கய்யா."

அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நகர்த்தினார். இன்னும் பெரிதாக்கினார். எட்டிப் பார்த்தால், மனிதர் கொக்கைப் பார்க்கவே இல்லை. கொக்குக்குப் பக்கத்தில் நின்ற மரத்தில், நான் அப்போதுதான் வெட்டிய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவு, ஒரு இடத்தில்கூடக் காயமில்லை, பால் நூல் பிடித்தது போல வழிந்துகொண்டிருந்தது.

"வெட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில்.

"கொக்கு?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு." பிறகு குரலை இறக்கி, "ஏழாம் நம்பர் உங்களுக்குத்தாங்க்கா," என்றார். அதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். பெரட்டில் சத்தமாகத்தானே சொன்னார்? சுற்றி நின்றவர்கள் சிரிக்க, சத்தமாகவே சொன்னார்.

படத்தை அவரே கொழும்பு மாத்தயாவுக்கு அனுப்பினார். சாயங்காலமே மாத்தயா போன் பண்ணினார். இந்தச் சனிக்கிழமை வரலாமா என்று கேட்டார். வரலாம், ஆனால் நான் சொல்கிறபடி கேட்க வேண்டும் என்றேன்.

சனிக்கிழமை விடியக்காலை அவர் வந்து நின்ற கோலம்! காட்டுக்குப் போகிற காற்சட்டை, பை வைத்த சட்டை, நெஞ்சோடு கட்டிக்கொண்ட பிள்ளை போல அந்தப் பெரிய கெமரா. சட்டைக்கு மேலே என் வீட்டுக்காரரின் பால் கறை படிந்த பழைய சட்டையைப் போடச் சொன்னேன். பவுடர் வாசம் ஏதும் வருகிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டேன். பிறகு வாளியைக் கையில் கொடுத்தேன். "நிக்காதீங்க, முறைக்காதீங்க, நான் சொல்லும்வரை கெமராவத் தூக்காதீங்க. எனக்குப் பின்னால வாளியத் தூக்கிட்டு வந்தா போதும்," என்று சிங்களத்தில் கட்டளை போட்டேன். தலையாட்டினார்.

மேலிருந்து மரம் மரமாக இறங்கினோம். இந்தக் கொக்கு கடல் தாண்டி எங்கிருந்தோ வருகிறது என்று வழியில் மறுபடியும் ஆச்சரியமாகச் சொன்னார். கடல் தாண்டி வந்து ரப்பருக்குள் வேலை பார்ப்பது எங்கள் ஆட்களுக்குப் பாட்டன் காலத்துப் பழைய செய்தி என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கச் சொன்னேன்.

ஓடைக்கரையில் மூன்றாவது மரத்தை வெட்டும்போது பின்னால் சருகு அசைந்தது. நான் திரும்பவில்லை. எனக்குத் தெரியும். மாத்தயாவின் மூச்சு நின்றுபோனது என் காதுக்குக் கேட்டது. செங்கல் நிறக் கொக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, அவர் சப்பாத்துக்கு முன்னாலேயே ஒரு மண்புழுவை இழுத்தது.

கத்தியைப் பட்டையிலிருந்து எடுக்காமல், மெதுவாகக் கேட்டேன்: "கண கொகெக்த, மாத்தயா?"

கண்ணில் தண்ணீரோடு, இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். கெமரா கழுத்தில் அப்படியே தொங்கியது. படம் எடுக்கவே மறந்து, என் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.