கறை போன கிட்டார்

பஸ் டிரைவருக்கு வீட்டில் ஒரே பொழுதுபோக்கு கிட்டார். அதன் கழுத்திலிருந்த வெளிர்நிற மேப்பிள் மரப்பலகையில் விரல் பட்ட இடமெல்லாம் கருத்துக் கிடந்ததைப் பார்த்தாலே அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் அவர் டூட்டிக்குப் போனதும் கம்பிகளைக் கழற்றி, ஈரத்துணியால் அழுந்தத் தேய்த்து, பூச்சு போன இடங்களில் துளி எண்ணெய் தடவித் துடைத்து, பழையபடி மாட்டியும் வைத்தாள்.

சாயங்காலம் வாசிக்க உட்கார்ந்தவருக்கு எடுத்த எடுப்பிலேயே விரல் தடுமாறியது.

"இங்க இருந்த கறை எங்கடி?"

"துடைச்சுட்டேன்."

"அடிப்பாவி! அதைப் பார்த்துதானே விரல் வைப்பேன்!"

"அப்போ இத்தனை வருஷமா வாசிச்சது உங்க அழுக்குதானா?" சிரிப்பை அடக்கிக்கொண்டு கண் மை டப்பாவை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம், வாசிங்க. எது சரியான இடம்னு என் காதுக்குத் தெரியும். அங்கெல்லாம் பொட்டு வைக்கிறேன்."