மைனா காருக்குக் கட்டிய கொட்டகை

12-4-1971 — ரூ. 500
30-5-1971 — ரூ. 340
7-8-1973 — ரூ. 750
22-9-1973 — ரூ. 415
18-11-1975 — ரூ. 622
3-2-1977 — ரூ. 1,000
16-4-1977 — ரூ. 890

இவற்றில் ஐந்நூறும் எழுநூற்றைம்பதும் ஆயிரமும் கார் கம்பெனிக்குப் போனவை. மற்ற நான்கு தொகைகளும் அந்தக் காரை நிறுத்தக் கட்டிய கொட்டகைக்குப் போனவை. கூட்டிப் பார்த்தால் காரைவிடக் கொட்டகை பதினேழு ரூபாய் அதிகம் தின்றிருக்கிறது. கொட்டகையாவது கண்ணுக்குத் தெரிந்தது.

கட்டியவர் அமிர்தநாதன். போடிமெட்டுக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்தில் 1947 முதல் ரைட்டர். விடிந்ததும் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தவர் வராதவரைச் செக்ரோலில் குறிப்பது அவர் வேலை. செக்ரோலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண். அந்த எண்ணை அவர் ஒருமுறையும் மாற்றியதில்லை. எண்பத்தெட்டாம் எண் பிலோமி காசநோயில் கிடந்து ஏழு மாதம் கழித்துத் திரும்பியபோது, எண்பத்தெட்டு அவளுக்காகக் காத்திருந்தது. செத்தவர் எண்ணைக்கூட அந்த வருஷம் முடியும்வரை வேறொருவருக்குக் கொடுக்கமாட்டார். ஏட்டில் பேர் ஏறிவிட்டால் கூலி வந்தே தீரும் என்பது அவர் கண்ட உலகம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். கோளாறு அங்கேதான்.

1971 ஈஸ்டருக்கு மறுநாள் போடியில் டிராப்ட் எடுத்து அனுப்பினார். சாதாரண ஜனங்களுக்கான சிறிய கார், பெயர் மைனா. கம்பெனி அனுப்பிய ரசீதில் அவர் வரிசை எண் 417. கூடவே வந்த வண்ணத்தாளில் காரும், அதன் அருகே பச்சைச் சேலையில் சிரிக்கும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். பெண் புகைப்படம், கார் கையால் வரைந்தது. அந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் கணக்கு இதுதான். 1978 கடைசியில் ஓய்வு. ஓய்வு பெற்றவர் ஒரு மாதத்துக்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் கார் வந்துவிட்டால் மூணாறுக்கும் பூப்பாறைக்கும் வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கலாம். வீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் மனைவி கத்தரீனாள் கணக்கு வேறு. சாலையோரம் அவளுக்குச் சீதனமாக வந்த ஐந்து சென்ட் இடம் இருந்தது. அதில் வீடு கட்டி, முன்பக்கம் ஒரு டீக்கடை வைக்க வேண்டும் என்று அவள் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அமிர்தநாதன் அந்த இடத்தில்தான், சரிவில் சமமாக இருந்த ஒரே துண்டில், கொட்டகையைப் போட்டார். தாளில் கார் பத்தடி நாலங்குல நீளம். கொட்டகை பதினோரு அடி. தரையில் நான்கு சக்கரங்கள் நிற்கும் இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டார்.

கார் ஒரு கஜம்கூட ஓடவில்லை. ஆனால் வளர்ந்துகொண்டே போனது. 1973 ஆகஸ்டில் மார்க் டூ வந்தது, அதாவது அதன் படம் வந்தது. பின்னால் இருந்த எஞ்சின் முன்னால் வந்துவிட்டதாம், நீளம் பதினோரு அடி இரண்டங்குலமாம், முன்பணமும் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். பணத்தையும் அனுப்பி, பின்சுவரையும் இடித்துத் தள்ளிக் கட்டினார். 1975இல் பின்பக்கமே ஒரு கதவானது. கண்ணாடியோடு சேர்த்து மேல்நோக்கித் தூக்கினால் ஆறடி ஐந்தங்குல உயரத்தில் போய் நிற்கும். கூரைத் தகரத்தைக் கழற்றி உயர்த்தினார். 1977இல் கதவுகள் ஐந்து. பின்சீட்டை மடக்கினால் இரண்டு மூட்டை ஏலக்காய் ஏற்றலாம். நீளம் பன்னிரண்டடி ஓரங்குலம். பின்னால் பாறை. ஆள் வைத்து அதை உடைத்தார். தாளில் இருந்த பெண்ணுக்கு நான்காவது சேலை. முகத்தில் அதே சிரிப்பு.

போடிக்கு ஜீப் ஓட்டும் பெரியமுத்து, பாறை உடைபடும் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தி இறங்கிவந்து பார்த்தான்.

"என்ன ரைட்டரய்யா, மகன் பொறக்கல, அதுக்குள்ள பேரன் வந்துட்டானா?"

தகரத்தைக் கம்பியால் கட்டி ஓட்டுகிறவனுக்கு வண்டி வளர்வதைப் பற்றி என்ன தெரியும் என்று அமிர்தநாதன் திருப்பிக் கேட்டார். பெரியமுத்து கோபப்படவில்லை. கட்டிய கம்பியோடு அன்றும் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினான்.

1978 பிப்ரவரியில் கம்பெனியே ஒரு வழி விட்டது. மார்ச் 31க்குள் எழுதிக் கேட்பவர்களுக்குக் கட்டிய பணம் வட்டியோடு திரும்பும். கேட்காதவர்கள் அடுத்த மாதிரிக்குக் காத்திருக்கலாம். அந்தப் பணம் வந்தால் கொட்டகையை இடித்து இரண்டு அறை போடலாம் என்று கத்தரீனாள் கேட்டாள், மன்றாடினாள், நான்கு நாள் பேசாமல் இருந்தாள். அவர் அசையவில்லை. தனக்கு முன்னால் இருந்த நானூற்றுப் பதினாறு பேரில் பாதி முட்டாள்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள், இனி தன் முறை பக்கத்தில்தான் என்றார்.

"நம்பரு இருக்குல்ல, அது எங்க போவும்?"

"நம்பருக்குள்ளயா போய்ப் படுக்கது?" என்றாள்.

மார்ச் 31 வந்தது, போனது.

1979 ஜனவரி 27, சனிக்கிழமை. தோட்டத்து வீட்டைக் காலி செய்தவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. கட்டிலும் பெட்டியும் மாதா படமும் கொட்டகைக்கு வந்தன. மார்க் ஒன்றுக்குக் கட்டியதாக இருந்தால் கத்தரீனாள் குனிந்தே நடந்திருப்பாள். தூக்குகிற பின்கதவின் புண்ணியத்தில் நிமிர்ந்து நின்றாள். அந்தக் காரால் மனித ஜாதிக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

ஆனால் அமிர்தநாதன் ஒரு சட்டம் வைத்தார். சுண்ணாம்புக் கோட்டுக்குள் எதுவும் வைக்கக்கூடாது. கார் எந்த நாளும் வரலாம். வந்த அன்று பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் கட்டில் சுவரை ஒட்டி நின்றது, பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது, அடுப்பு வாசலுக்கு வெளியே போனது. நடுவில் பன்னிரண்டடிக்கு நாலரை அடி இடத்தை, வராத கார் சொகுசாக அடைத்துக்கொண்டது. ஜூனில் மழை பிடித்தது. அந்த மேட்டில் மழை மேலிருந்து மட்டும் பெய்யாது, பக்கவாட்டிலும் வரும். ஒரு கையில் குடை, மறு கையில் அகப்பை என்று கத்தரீனாள் ஐம்பது நாள் சமைத்தாள். டீக்கடைக்கு வாங்கிய பாய்லர் சாக்கு சுற்றியபடி மூலையில் கிடந்தது. ஜீப்பை நிறுத்தி டீ கேட்டவர்களிடம், கார் உள்ளே நிற்கிறது, இடமில்லை என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். அவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவள் சிரிக்கவில்லை.

பிறகு கடைசிக் கடிதம் வந்தது. கம்பெனி கை மாறியிருக்கிறது. செலவைக் குறைக்கப் பின்கதவு எடுக்கப்பட்டுவிட்டது. புதிய மைனாவின் நீளம் பத்தடி நாலங்குலம். இதுவரை அமிர்தநாதன் முகம் மாறவில்லை. இடித்ததும் உயர்த்தியதும் உடைத்ததும் வீண் என்பதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அடுத்த பக்கத்தில்தான் அந்த வரி இருந்தது. பழைய பதிவேடு ரத்து. புதிய பதிவேட்டில் தங்கள் எண் 1206.

இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை படித்தார்.

"என்ன போட்டிருக்கு?" கத்தரீனாள் வெளியே மழையில் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"நம்பர மாத்திட்டான்."

கார் இல்லை என்று எழுதியிருந்தால் காத்திருந்திருப்பார். ஆள் உயிரோடிருக்கும்போது எண்ணை மாற்றுகிற ஏட்டில் அவருக்கு நம்பிக்கை இல்லை. முப்பத்தொரு வருஷம் ஏடு எழுதிய மனிதர் எட்டு வருஷமாக ஒரு களவாணி ஏட்டில் பேர் கொடுத்துக் காத்திருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் அகப்பையோடு வாசலில் வந்து நின்றாள். "அப்ப அடுப்ப உள்ள இழுக்கட்டா?"

"இரு, நான் இழுக்கேன்" என்றார்.

ஈரச் சாக்கை எடுத்துக் கோட்டைத் தேய்த்து அழித்தார். இடது பின்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் அடுப்பையும், எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பாய்லரையும் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் காலை முதல் டீயைக் குடித்தவன் பெரியமுத்து. சர்க்கரை போதாது என்றான், காசைக் கொடுத்துவிட்டுப் போனான்.

கடிதம் வந்து சேர்ந்தது 9-8-1979, வியாழக்கிழமை.