குணம் அண்ணை வேகமாக ஓடவில்லை

குணம் அண்ணையின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் அன்று சபாநாதன் மாமா, "குணம் காரைக் கொஞ்சம் வேகமா ஓடிப்போட்டான். அவன்ர விதி" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய் என்று தெரிந்தும் நான் அதை அங்கே சொல்லவில்லை. குணம் அண்ணையின் மனைவி பத்மா அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். குணம் அண்ணையை அறிந்த நீங்களும் அங்கே இருந்தீர்கள். தலையாட்டினீர்கள்.

லவால் நகரில் நானும் குணம் அண்ணையும் வேலை செய்த இடத்தில், காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் கரவன் வீடுகளை வாடகைக்கு விடுவார்கள். நான் கந்தோரில் தட்டெழுதினேன். எந்தக் கார் எந்தக் கரவனைத் தாங்கும் என்று பார்த்துக் கொளுவிவிடுவது குணம் அண்ணையின் வேலை. கார்க் கதவின் தகட்டில் பிரெஞ்சில் இருக்கும் பார அளவை நான் வாசிக்க, அவர் மனக்கணக்குப் போடுவார். வெறும் கரவனின் நிறையை அவர் நம்பமாட்டார். "அது சாப்பிட முதல் வயித்தை அளக்கிற மாதிரி, தங்கச்சி" என்பார். சாமான் ஏற்றிய பிறகு முற்றத்துத் தராசில் ஏற்றச் சொல்வார்.

புதுக் கார் வாங்கிய நம்மவர் ஒருவர் ஒருமுறை, "எஞ்சின் புதுசு அண்ணை, மலையையும் இழுக்கும்" என்றார்.

"இழுக்கும் தம்பி. நிப்பாட்டேக்க மலை உம்மை இழுக்கும்."

அவருக்கு மிகச் சிறிய கரவன்தான் கிடைத்தது. ஒரு மாதம் எங்களைத் திட்டித் திரிந்தார். உயிரோடு திரிந்தார்.

சபாநாதன் மாமாவுக்கு டொரொன்டோவில் தம்பி மகளின் கல்யாணம். மணவறைப் பலகைகள், குத்துவிளக்குகள், அம்மி, அரிசி மூட்டைகள் எல்லாவற்றையும் கரவனின் பின்கோடியில் அடுக்கிக் கொண்டுவந்தார். இழுக்க அவருடைய சின்ன ஜப்பான் கார். ஓட்டிப்போகக் குணம் அண்ணையைக் கேட்டிருந்தார். தராசில் கரவன் காரைவிடக் கனமாக இருந்தது. அந்த நிறையைச் சீட்டில் எழுதியவள் நான்.

"அண்ணை, கார் காணாது. பெரிய கார் ஒண்டு பாருங்கோ. அதுக்கு முதல் அம்மியையும் மூட்டையளையும் முன்னுக்கு எடுங்கோ. பின்னுக்குப் பாரம் இருந்தா வால் ஆடும். வால் ஆடினா தலை நிக்காது" என்று குணம் அண்ணை மாமாவிடம் சொன்னார்.

"முன்னுக்கு ஆக்கள் நடந்து திரியிற இடம். மங்கலச் சாமானைக் கால்படுற இடத்தில வைக்கிறதே? பத்தரைக்கு ராகு காலம் வேற. நீ ஓட்டாட்டி விடு, நான் ஓட்டுறன்."

குணம் அண்ணை கார்த் திறப்பை வாங்கினார். நான் முறைத்ததைக் கண்டு, "இவர் ஓட்டினா மனிசியும் போயிடும். நான் ஊர்ந்தே போறன்" என்றார். அதற்காக அவரோடும் எனக்குக் கோபம். ஒரு முட்டாளின் பிடிவாதத்துக்கு நல்ல மனிதன் தன் உயிரையா ஈடு வைப்பது?

பின்னேரம் கந்தோருக்குத் தொலைபேசி வந்தது. ஓர் இறக்கத்தில் பெரிய லொறி ஒன்று முந்தியபோது கரவன் ஆடத் தொடங்கிக் காரையும் புரட்டியிருக்கிறது. கார் மெதுவாகவே போனது என்று பின்னால் வந்த சாரதி பொலிஸிடம் சொல்லியிருந்தார். குணம் அண்ணை அந்த இடத்திலேயே போய்விட்டார். மாமாவும் மாமியும் சிராய்ப்புகளோடு தப்பினார்கள். பிறகு மாமாவுக்கு ஒரு பிழைகாரன் தேவைப்பட்டான். இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார்.

மூன்று கிழமை கழித்தே எனக்குத் துணிவு வந்தது. தராசுச் சீட்டின் நகலை பத்மா அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருந்தா, சபாநாதன் அண்ணை வீட்டில இருந்து வந்த சோத்தை நான் திண்டிருக்கமாட்டன்" என்றார்.

அக்காவின் அந்தச் சொல்லும், ஒரு பாரத்தைக் கண்டால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கும் குணம் அண்ணையின் பழக்கமுமே அவர் போனபின் என்னிடம் மிஞ்சியவை.

அடுத்த ஞாயிறும் மாமா வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. பத்மா அக்கா கதவைத் திறக்கவில்லை.