காருக்கு அடியில் விரித்த தோல்

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் என் வீட்டுக்காரர் தன் காருக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுவார். பிறகு தை பிறந்தால்தான் அவிழ்ப்பார். நடுவில் யார் வீட்டில் கல்யாணமானாலும், எனக்கே காய்ச்சல் கொதித்தாலும் ஆட்டோதான். தகரம் துரு பிடித்துவிடுமாம். “உங்க கால் வலிக்கு ஒரு தைலம் தடவ நேரமில்ல, அதுக்கு மட்டும் போர்வையா?” என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். அவர் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்குவார்.

ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் தடி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல் அது. ரோட்டில் நிறுத்தினால் யாராவது வந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மயக்கம் ஒன்றும் கிடையாது. ஏறும்போது புடவை மாட்டும், இறங்கும்போது கதவு மாட்டும். எடைக்குப் போடுங்கள் என்று நான் சொல்லாத மாதமில்லை.

அவருக்கு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் வேலை இருந்தது. மேஜைமேல் வரும் தோலைத் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நன்றாக இருந்தால் “பாஸ்” என்பார். ஊசி குத்திய அளவு ஓட்டை தெரிந்தாலும் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் அவருடைய தோஸ்த். ஒருவர் கழித்த தோலை மற்றவரும் பார்த்து, ஒத்துக்கொண்டு தன் குறியையும் போட்டால்தான் அது கழிவு. அந்த மேஜையில் அதுதான் முறை. இரண்டு பேரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். தோஸ்த் வீடு அடுத்த தெருவில். அங்கே உருது, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

நானும் சும்மா இருந்தவள் இல்லை. ஷூ கம்பெனியில் தையல் லைனில் சூப்பர்வைசராக இருந்தேன். கோணல் தையலைப் பிரிக்கச் சொல்லி எத்தனையோ பெண்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இவரைப் போல ஒரு மனிதர் எதையும் உற்றுப் பார்த்து நான் பார்த்ததில்லை. சட்னியைக்கூட வெளிச்சத்தில் சாய்த்துத்தான் பார்ப்பார்.

மாசக்கணக்கில் ஓடாமல் நின்ற காரில் ரப்பரெல்லாம் காய்ந்து இறுகிவிடும், அந்த இடுக்குகளில் எண்ணெய்கள் கசியும் என்பார். அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் காருக்கு அடியில் அட்டை போடுவார்கள். இவர் போடுவது தோல். சாயமேற்றாத வெள்ளைத் தோல்கள், கழிவில் வந்தவை, வீட்டில் சுருட்டி வைத்திருப்பார். தார்ப்பாய் அவிழ்க்கும் அன்று ஒன்றை முழுசாக விரித்து, அதன்மேல் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் இழுத்துப் பார்ப்பார். “அட்டை எல்லாத்தையும் ஒரே மாதிரி குடிச்சிடும். தோல்தான் எது எதுன்னு காட்டும்” என்பது அவர் வாதம். உண்மைதான். எஞ்சின் ஆயில் கருப்பாக, விளிம்பு வெட்டினாற்போல நிற்கும். ரேடியேட்டர் தண்ணீர் வெளுத்த பச்சையாக அகலமாய்ப் படரும். கியர் ஆயில் தேன் நிறம், மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம். ஒவ்வொன்றையும் பேனாவால் வட்டம் போட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்துவிடுவார். வாட்சப்பில் பேரப்பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வயசு.

இந்த வருஷம் தார்ப்பாய் அவிழ்ந்ததில் ஒரு அவசரம் இருந்தது. தோஸ்த்தின் கடைசிப் பெண்ணுக்குப் பொங்கல் கழித்துக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பேரணாம்பட்டுக்கும் அப்பால், மலைப்பாதை ஏறி இறங்கினால் ஆந்திரா பக்கம். நிக்கா முடிந்ததும் இந்தக் காரில்தான் புகுந்த வீடு போவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். தோஸ்த்தின் ஸ்கூட்டரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமில்லாததால், பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அவளை இவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். மழை மாசங்களில் மட்டும் அவள் ஆட்டோவில் அழுதுகொண்டே போவாள்.

ஒவ்வொரு காலையும் இவர் வண்டியை எடுப்பதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அடியில் பார்ப்பார். யாரும் சொல்லாமலே அவளும் பக்கத்தில் குந்திக்கொள்வாள். சில நாள் யூனிபார்மோடு தரையில் படுத்தே விடுவாள். இவர் எழுந்து “பாஸ்” என்பார். அவளும் எழுந்து, அதைவிடச் சத்தமாக “பாஸ், சாச்சா” என்பாள்; சாச்சா என்றால் சித்தப்பா. அப்புறம்தான் கதவு திறக்கும். “ஒங்க ஊட்டுக்காரரால எனக்குத் துணி தொவச்சி மாளல பாபி” என்று அவள் அம்மா என்னிடம் வந்து சண்டை போட்டிருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்காகத்தான் இந்த முறை தோலை விரித்தார். மறுநாள் காலையில் பழைய மூன்று கறைகளும் சொல்லி வைத்தாற்போல வந்திருந்தன. அவற்றோடு நாலாவதாக ஒன்று, இடது பின்சக்கரம் இருந்த இடத்தில். அதற்கு நிறமே இல்லை. தோல் அந்த இடத்தில் மட்டும் நனைந்தாற்போல மங்கியிருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

“பிரேக் ஆயில்.”

பஜாரிலிருந்து மெக்கானிக் வந்தார். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன சிலிண்டரைக் காட்டினார். ரப்பர் கிழிந்திருந்தது. அதைவிட மோசம், சிலிண்டரின் உள்சுவரில் மழை ஈரத்துக்குத் துரு அரித்துக் குழி விழுந்திருந்தது. புது ரப்பர் போட்டாலும் குழி வழியாகக் கசியலாம். முழு சிலிண்டரையே மாற்ற வேண்டும். வேலூரில் கேட்டோம், திருப்பத்தூரில் கேட்டோம், இந்த மாடலுக்கு யாரிடமும் இல்லை. சென்னையில் ஒருவர் தேடிப் பார்த்து அனுப்புகிறேன் என்றார். அதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். கடைசியில் மெக்கானிக் எமரி பேப்பரால் குழியைத் தேய்த்துவிட்டுப் புது ரப்பர் போட்டார். “தாங்கும்னுதான் நெனைக்கிறேன். ரெண்டு நாள் பாருங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலைக்கு நான் ஆள். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூடுவார்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

“விடாத... விடாத... இப்ப விடு. ஏன் அதுக்குள்ள விட்ட?”

“நீங்கதான விடுன்னீங்க?”

“விடாதன்னேன்!”

தெருவே சிரித்தது. என் முழங்கால் கழன்றுவிடும்போல ஆனது. ஆனால் சாயங்காலம் பெடல் கல் மாதிரி நின்றது, புதுசாக மாற்றி விரித்த தோலும் சுத்தமாக இருந்தது. மறுநாளும் சுத்தம். காரைக் கழுவித் துடைத்தார். ரோஜாச் சரம் கட்டுகிறவனுக்குச் சொல்லியனுப்பினார். சலவைக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையை நானே எடுத்து வைத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் காபியோடு வெளியே வந்தேன். அவர் அந்தச் சலவைச் சட்டையோடு தரையில் முட்டி போட்டிருந்தார். தோலில், அதே சக்கரத்துக்கு நேராக, ஒரு ஈரப் பொட்டு.

“நேத்து கழுவின தண்ணியா இருக்கும்” என்றேன்.

“தண்ணின்னா இந்நேரம் காஞ்சிருக்கும்.”

“இத்துனூண்டு. புளியங்கொட்டை அளவு கூட இல்ல. ஒரு டின் வாங்கிக் கையில வெச்சிக்கினு, நடுவுல நிறுத்தி ஊத்திக்கினே போனா ஆவாதா?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இத்தினி வருஷமா இத எடைக்குப் போடச் சொன்னவ நீதான?”

“ஆமா. நாளைக்கிப் போடலாம். இன்னிக்கி ஒரு நாள் ஓடட்டும்.”

மனசாரத்தான் சொன்னேன். அந்தப் பெண் கேட்டது இந்த ஒன்றைத்தான். இவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த நிமிஷத்தில் அந்தப் பாழாய்ப்போன கார் ஓட வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன்.

“நான் மட்டும் போறதுன்னா யோசிப்பேன்” என்றார். “பொண்ண பின்னாடி ஒக்கார வெச்சிக்கினு மலை எறங்குவனா?”

காரின் முன்பெட்டியில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு கிடக்கும். வெள்ளை இல்லை, நீலம். வெள்ளைத் தோலுக்கு அதுதான். அதை எடுத்து, அந்தப் பொட்டை ஒட்டி ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு தோஸ்த்துக்குப் போன் செய்தார்.

தோஸ்த் புது ஷெர்வானியில், அத்தர் மணக்க, நடந்தே வந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவருக்கு அன்று காலை எத்தனை வேலை. எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. பரவாயில்லை தோஸ்த், போய்க்கலாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது. அவரோ ஷெர்வானியை மடக்கிக்கொண்டு இவர் பக்கத்தில் முட்டி போட்டார். பொட்டைத் தொட்டார், இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார், மோந்து பார்த்தார். வெளிச்சம் விழ தோலின் ஓரத்தைத் தூக்கிச் சாய்த்தும் பார்த்தார்.

“சாக்பீஸ் குடுறா.”

இவருடைய குறிக்குப் பக்கத்தில் தன் குறியைப் போட்டார்.

“சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன், தோஸ்த் கார்லதான் பொண்ணு போவுதுன்னு” என்றார் எழுந்துகொண்டே.

“மன்னிச்சிக்கடா.”

“எதுக்கு? நீ சொல்லாம எடுத்துக்கினு போயிருந்தா, அன்னிக்கி மன்னிப்பு கேட்டிருக்கணும்.”

இரண்டு கிழவர்களும் கட்டிக்கொண்டார்கள். இவர் வெள்ளைச் சட்டையில் நீலச் சாக்பீஸ் ஒட்டிக்கொண்டது. நான் உள்ளே போய் வேறு சட்டை எடுத்து வந்தேன். எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாலும், ஒரு ஆள்மேல் மரியாதை புதுசாக வர இடமிருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மண்டபத்துக்கு ஆட்டோவில் போனோம். கார் எங்கே என்று கேட்ட எல்லாரிடமும் இவர் “பிரேக் லீக்” என்று கூசாமல் சொன்னார். மாப்பிள்ளை பக்கத்து இளவட்டம் ஒன்று, “பழைய வண்டின்னா அப்படித்தான் அங்கிள்” என்று பெரிய மனுஷன்போல முதுகில் தட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் சிரித்துவிட்டுப் பிரியாணி பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

பெண்ணிடம் யார் சொன்னார்கள், அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. பிற்பகல் அவளை வழியனுப்ப எல்லாரும் வாசலுக்கு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டின் புத்தம்புதுக் கார் பூவோடு பளபளவென்று நின்றது. அவள் தலைக்கு மேலே குர்ஆனைப் பிடித்தபடி அண்ணன்காரன் கூட்டி வந்தான். அம்மா அழுதாள், தோஸ்த் அழுதார். இவர் கூட்டத்துக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்றார்.

காரின் கதவைத் திறந்து பிடித்தார்கள். அவள் ஏறவில்லை. கையிலிருந்த பையை அம்மாவிடம் கொடுத்தாள். சரிகை கனத்த பாவாடையை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, அத்தனை நகையோடும் அப்படியே தரையில் குந்தி, காருக்கு அடியில் பார்த்தாள்.

“இன்னா விழுந்துச்சி? கம்மலா?” என்று மாமியார் பதறினார். யாரோ டார்ச்சை அடித்தார்கள். அவள் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரைக்கும் நிதானமாகப் பார்த்து முடித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எல்லாத் தலைகளுக்கும் மேலே அவள் கண் இவரைத் தேடியது.

“பாஸ், சாச்சா” என்றாள் சத்தமாக.

இவர் கையை மட்டும் தூக்கினார். கார் நகர்ந்து, தெருமுனை திரும்பிப் பேரணாம்பட்டு ரோட்டில் போய்விட்டது. ஜனங்கள் உள்ளே திரும்பினார்கள். இவரும் தோஸ்த்தும் மட்டும், பேசி வைத்துக்கொண்டாற்போல, அந்தக் கார் நின்ற இடத்துக்குப் போனார்கள். முதலில் இவர் குனிந்தார், பிறகு தோஸ்த் குனிந்தார். சிமெண்ட் தரை காய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் அழுதார்.