சுருட்டுப் பெட்டிப் பலகை

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பீரியட். பியூன் வகுப்பு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. “ஆக்னஸ் டீச்சர் தவறிட்டாங்க சார். பஸ் ஸ்டாண்டுல சாஞ்சவங்கதான்.”

போர்டில் எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை நான் முடித்தேன். முடித்தேன் என்பதை இப்போதும் நம்ப முடியவில்லை. அவருக்கு முப்பத்தெட்டு வயது. முந்தின மாலைதான் என் சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு, “நாளைக்குத் தாரேன்” என்றார்.

நம் பள்ளியில் அவர் அறிவியல். நான் சரித்திரம். அறிவியல் அறைக்குப் பின்னால் அவர் முயல் வளர்த்தது, கூட வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். கூண்டுக்கு அவர் மரம் தேர்ந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? பலகையை முகர்வார். நாக்கு நுனியால் தொடுவார். சாயம் பூசியது, தார் தடவியது எல்லாம் தள்ளுபடி. கம்பி வலையின் கண்ணில் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழைந்தால் குட்டியின் காலும் நுழையும். நான் சிரித்தேன்.

“சிரிங்க சார். முயலுக்கு வீடு வேற, சாப்பாடு வேற இல்ல. இருக்கிற இடத்தையே கடிக்கும்.”

அறுபத்திரண்டாம் வருஷ மழைக்காலம். தன் தம்பி கல்யாணத்துக்காக மூன்று நாள் வேடசந்தூர் போனார். தாய் முயல் நிறைசினை. என்னிடம் ஒப்படைத்தார். “எறும்பு மட்டும் ஏறாம பாத்துக்கங்க. குட்டியைத் தின்னுரும்.”

எறும்பு வந்தது. நம் ஊரில் அதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: புகையிலை இருக்கும் இடத்தில் பூச்சி அண்டாது. சுருட்டுக் கம்பெனியில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்றை வாங்கி வந்து பிரித்தேன். அந்தப் பலகையில், முயல் குட்டி போட ஒரு சின்னப் பெட்டி அடித்துக் கூண்டுக்குள் வைத்தேன். எறும்பு நின்றது. பெருமையாக இருந்தது.

ஐந்து குட்டிகள். மறுநாள் காலை ஐந்தும் செத்துக் கிடந்தன. தாய் நடுங்கிக்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் பலகை பழுப்பாகக் கசிந்து, வைக்கோலெல்லாம் ஊறியிருந்தது.

திரும்பி வந்தவர் பலகையை நாக்கில் வைத்தார். துப்பினார். “புகையிலை” என்றார்.

தலைமையாசிரியர் விசாரித்தார். நான் அங்கேயே நின்றேன். “கூண்டு என் பொறுப்பு சார்” என்றார் அவர். வெளியே வந்ததும், நாளை நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“சொல்றதா இருந்தா சொல்லுங்க தம்பி. நானாச் சொல்ல மாட்டேன்.”

நான் சொல்லவில்லை. முயல் வளர்ப்பை நிறுத்தினார்கள். பிள்ளைகள் அவரை ‘முயல் கொன்ன டீச்சர்’ என்றார்கள். ஆசிரியர் அறையில் நீங்கள் சிரித்தீர்கள். நானும். அவரும் ஒருமுறை: “இம்புட்டு வருசமா எனக்குப் பட்டப்பேரே இல்லாம இருந்துச்சு.”

அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்தில், பக்கத்தில் நின்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “எல்லாத்துலயும் கெட்டிக்காரி. அந்த முயல் விசயத்துலதான் கவனமில்லாம இருந்துட்டாங்க.” நான் வாய் திறந்தேன். சாமியார் ஜெபம் தொடங்கிவிட்டார்.

ஆகவே அவருக்கான இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். அவர் கவனமில்லாமல் இருந்ததே இல்லை. அந்தப் பலகை என்னுடையது.

அதில் ஒரு துண்டை வைத்திருக்கிறேன். ஓரத்தில் தாய் முயலின் பல் தடம். இன்று காலை, முதன்முறையாக, அவர் செய்ததுபோல நாக்கு நுனியால் தொட்டேன்.

இன்னும் கசக்கிறது.