வம்புக்காரியின் முகம்

எங்கள் பதிப்பகத்தில் அவளுக்குப் பெயர் ரப்பர். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்று யாரோ கேலியாக வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. நான் பக்கம் வடிவமைக்கிறவன். அவள் படம் வந்தால்தான் எனக்கு வேலை ஓடும். காலையில் வரைந்த மூக்கை அவள் மாலைவரை அழித்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்து மேசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நாங்கள் போடுவது குழந்தைகள் புத்தகங்கள். வம்பிழுக்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது, கோபித்துக்கொண்ட தோழியிடம் எப்படித் திரும்பப் பேசுவது, இப்படிப்பட்டவை. எனக்கு இவற்றின் மேல் பெரிய மரியாதை கிடையாது. கடைசிப் பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும். வெளியே அப்படி எதுவும் சரியாகி நான் பார்த்ததில்லை. ரப்பர் மட்டும் உண்மையாகவே நம்பினாள். படத்தில் முகம் உயிரோடு இருந்தால் பிள்ளைகள் நம்பும் என்பாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா மகள் என்றால் உயிர். குட்டி என்று கூப்பிடுவோம். முன்பல்லில் இடைவெளி, இடது புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்பு, வாயாடி. பள்ளி விட்டதும் நேராக எங்கள் அறைக்கு வந்துவிடுவாள். அம்மா வேலை முடிந்து வந்து அழைத்துப் போகும்வரை எங்களை ஒரு வழி பண்ணிவிடுவாள்.

அந்த வருடம் வந்த கதையில் ஒரு வம்புக்காரி. நல்ல பிள்ளைகளுக்கு யார் முகத்தையும் ஒட்டிவிடலாம், வம்புக்காரிக்கு நிஜமான முறைப்பு வேண்டும். ரப்பர் அழித்து அழித்துப் பார்த்தாள், வரவில்லை. கடைசியில் குட்டியை ஸ்டூலில் உட்காரவைத்தாள். ஒரு மிட்டாய்க்கு ஒரு முறைப்பு. குட்டி முறைப்பாள், அடுத்த நொடி சிரித்துவிடுவாள். நானும் சிரித்தேன். அந்த முறைப்பு பல்லிடுக்கோடு, தழும்போடு புத்தகத்தில் ஏறியது.

கதை சொன்ன வழி எளிது. வம்புக்காரி பக்கத்தில் வந்தால் எல்லாரும் சேர்ந்து நில்லுங்கள். கையை நீட்டி, "போதும், நிறுத்து" என்று சொல்லுங்கள். திரும்பி நடந்துவிடுங்கள். புத்தகம் நன்றாக விற்றது. குட்டியின் பள்ளியிலும் வகுப்புக்கு ஒரு கட்டு வாங்கினார்கள். அதைக் கேட்டு ரப்பர் சந்தோஷப்பட்டாள். பாவி, அப்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

குட்டி எங்கள் அறைக்கு வருவது நின்றது. வீட்டுப்பாடம் அதிகமாக இருக்கும் என்று நினைத்தோம். ஒருநாள் அக்கா போன் செய்தாள். குட்டி பல்லிடுக்கில் மெழுகுவர்த்தியைக் கிள்ளி அடைத்துக்கொள்கிறாளாம். காயம் எதுவும் இல்லாமலே புருவத் தழும்பின்மேல் பிளாஸ்திரி ஒட்டாமல் பள்ளிக்குக் கிளம்புவதில்லையாம். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறாளாம். போனை வைத்துவிட்டு ரப்பர் என்னிடம் சொன்னாள்.

மறுநாளே பள்ளிக்குப் போனாள். கூட நானும் போனேன். வகுப்பு டீச்சருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"உங்க புத்தகம் வந்ததிலிருந்து என் கிளாஸ்ல சண்டையே இல்லைங்க. பசங்க எல்லாம் ஒத்துமையா இருக்காங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மைதானத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். குட்டி மெதுவாக அவர்கள் பக்கம் போனாள். ஆட்டம் நின்றது. அத்தனை பேரும் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். "போதும், நிறுத்து." ஒரு குரலிலும் கோபம் இல்லை. சிலர் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். பிறகு ஒன்றாகத் திரும்பி நடந்தார்கள். குட்டி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பாத்தீங்களா?" என்றார் டீச்சர்.

அது தன் அக்கா மகள் என்று ரப்பர் சொன்னபோது டீச்சர் புத்தகத்தைப் புரட்டி அந்த முகத்தைத் தேடினார்.

எங்கள் முதலாளியம்மாவிடம் ரப்பர் அழுதேவிட்டாள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகவிருந்த நேரம். "சரிம்மா, அந்த முகத்தை மட்டும் மாத்திக் குடு. அந்த ஸ்கூல்ல இருக்கிற பழசை எல்லாம் நான் திருப்பி வாங்கிக்கறேன்" என்றார். நல்ல மனுஷி. அந்த முகம் மாறிவிட்டால் குட்டியை விட்டுவிடுவார்கள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

ரப்பர் புதுத் தாளை விரித்து உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் அவளே போய்க் குட்டியைக் கூட்டிவந்திருந்தாள்.

"உன் முகத்தை எடுத்துடறேன்டி கண்ணு. இனிமே யாரும் உன்னை அப்படிப் பண்ண மாட்டாங்க."

குட்டி சிரிக்கவில்லை. "அப்ப யார் முகம்?"

"யாரும் இல்ல. சும்மா ஒரு முகம்."

குட்டி பைக்குள்ளிருந்து வகுப்புப் போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓரத்தில், பாதி மறைந்து நின்ற ஒரு பெண்மேல் விரலை வைத்தாள்.

"இவளைப் போடு சித்தி."

"இவ உன்னை என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல. யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டா."

"அப்புறம் ஏன்டி?"

"யாராவது ஒருத்தி வேணும்ல."

ரப்பர் என்னைப் பார்த்தாள். நான் போட்டோவைப் பார்த்தேன். நிமிர்ந்து குட்டியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. குட்டி பென்சிலை எடுத்துப் பொறுமையாகச் சீவினாள், கூர் பார்த்தாள், சித்தியின் விரல்களைப் பிரித்து அதைக் கையில் வைத்தாள்.

"மூக்குல மச்சம் இருக்கு பாரு, அதை விட்டுடாதே. அப்பதான் எல்லாருக்கும் தெரியும்."